கலியாணத்துக்கு வெள்ளை, செத்தவீட்டுக்குக் கறுப்பு

ரைப் செய்து கொடுக்கும் கடையில் பிழை விட்டால் திருத்தலாம், மின்சாரம் நின்றால் காத்திருக்கலாம். எந்தக் கீபோட்டில் அடிப்பது என்ற கேள்விக்கு மட்டும் ஓய்வே கிடையாது. இதே தொழிலில் இருப்பவர்கள் இதற்குள் தலையை ஆட்டத் தொடங்கியிருப்பீர்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் கடை யாழ்ப்பாணப் பக்கம் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகள் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. கலியாணக் காட், மரண அறிவித்தல், காணி உறுதிப் பத்திரம், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கே அடிக்கலாம். கடைக்காரி நான். அடிப்பவள் வத்சலா. அவள் பத்து விரலாலும், திரையைப் பார்த்தபடி அடிப்பாள். நான் இரண்டு விரலால், கீபோட்டைப் பார்த்தபடி அடிப்பேன். ஆகவே வத்சலா இல்லாவிட்டால் கடை இல்லை. வத்சலாவுக்கு முப்பத்திரண்டு வயது. கலியாணம் சரிவராமல் இருந்தது. அந்தப் பழி ஒரு கீபோட்டின் மேல் போய் விழுந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் தண்ணீர்

அப்போது கடையில் ஒரே ஒரு கீபோட். ஒருநாள் காலையில் மரண அறிவித்தல் அடித்து வாங்கிக்கொண்டு ஒருவர் வெளியே போக, கலியாணக் காட் அடிக்க இன்னொருவர் உள்ளே வந்தார். கையில் நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய தாள். அவர் உட்காரவில்லை. “உதிலையோ இப்ப செத்தவீட்டு நோட்டீஸ் அடிச்சவை?” என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். “அப்ப துடக்கெல்லோ, செத்தவீட்டுத் தீட்டெல்லோ? கழுவிப்போட்டு அடியுங்கோ” என்றார்.

மின்சாரச் சாமானைக் கழுவக்கூடாது என்று விளக்கினேன். அவர் நியாயமான மனிதர். கழுவ வேண்டாம், தெளித்தால் போதும் என்று இறங்கி வந்தார். பக்கத்து மா அரைக்கும் ஆலையில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் வாங்கி, எங்கள் தேநீர்க் கோப்பையில் கரைத்து, ஒரு மாவிலையால் மூன்று தரம் தெளித்தார். மூன்றாவது தரம் கொஞ்சம் தாராளமாகத் தெளித்துவிட்டார். திரையில் ஒன்றரை வரிக்கு ‘ககககக’ என்று தானாக ஓடியது. பிறகு எதுவும் ஓடவில்லை. வத்சலா கீபோட்டைக் கவிழ்த்துப் பிடித்தாள். மஞ்சளாகச் சொட்டியது.

“அக்கா, துடக்குப் போயிட்டுது. கீபோட்டும் போயிட்டுது.”

நானாவின் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திப் பக்கம், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் கொம்பியூட்டர் சாமான் விற்கிறார். இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து கடை போட்டவர். ஒரு கீபோட்டை எடுத்துக் காட்டுவதற்கு முன் டொக்டரைப் போல விசாரிப்பார். எழுத்து கூடவோ, இலக்கம் கூடவோ? அடிக்கிற ஆள் நகம் வளர்க்கிறதோ? மேசை ஆடுமோ? நான், “கலியாணத்துக்கு ஒண்டு, செத்தவீட்டுக்கு ஒண்டு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் ஏறினார். கலியாணத்துக்கு என்று ஒரு வெள்ளைக் கீபோட்டை இறக்கினார். மெத்தென்ற விசைகள், அழிக்கிற விசை மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு. கலியாணக் காட் அடிக்கும்போது பத்துப்பேர் சுற்றி நின்று மாற்றச் சொல்லுவார்கள், அழிக்கிற விசைதான் முதலில் தேயும் என்றார். செத்தவீட்டுக்கு உயரமான விசைகள் வைத்த கறுப்பு. ஒவ்வொரு விசையும் அடிமட்டம் வரை போய், விழுந்துவிட்டேன் என்று விரலுக்குச் சொல்லும். அதற்கு ஏன் அவ்வளவு உறுதி என்று கேட்டேன்.

“கலியாணக் காட்டிலை ஒரு பேர் விட்டால் ஒரு வருசம் கதைக்க மாட்டினம், தங்கச்சி. செத்தவீட்டு நோட்டீசிலை விட்டால் அடுத்த செத்தவீடு வரைக்கும் கதைச்சுக்கொண்டே இருப்பினம்.”

கேட்கக்கூடிய உறுதி

காணி உறுதி அடிக்க, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஒருவர் எங்களிடம் வருவார். அது கலியாணமும் இல்லை, சாவும் இல்லை என்பதால் வெள்ளையில் அடித்தோம். காணி விற்கிற கமக்காரர் எதிரே கதிரையில் இருந்தார். வத்சலா நாலு பக்கத்தையும் அடித்து முடித்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “பிள்ளை இன்னும் தொடங்கேல்லையே” என்றார். அவருடைய தகப்பனின் உறுதி ரைப் மெசினில் அடித்தது றோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டதாம். சத்தமில்லாத உறுதியில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று எழும்பிப் போய்விட்டார்.

நான் மறுபடி நானாவிடம் போனேன். “சத்தமோ?” என்று கேட்டு, அவர் மூன்றாவதைத் தந்தார். ஒவ்வொரு விசைக்கும் ஒரு ‘டக்’. முதல்நாள் மூட்டை இறக்குகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கமக்காரர் திரும்ப வந்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு பக்கத்தையும் காதால் கேட்டார். கடைசி ‘டக்’ முடிந்ததும் பேனையைக் கேட்டார். வாசித்துக் காட்டவா என்று நான் நொத்தாரிசைப் பார்த்தேன்.

“தேவையில்லை, பிள்ளை. அவர் கேட்டிட்டார்.”

பிந்துகிற பெருவிரல்

அந்தச் சத்தக் கீபோட்டால் இன்னொரு வினை வந்தது. அளவெட்டியிலிருந்து தவில் வித்துவான் ஒருவர், கோயில் கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார். வத்சலா அடிக்க அடிக்க, அவர் விரல்கள் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தன. மூன்றாவது வரியில் கையைத் தூக்கி நிற்பாட்டினார். “பிள்ளை, வலக்கைப் பெருவிரல் பிந்துது.”

வத்சலாவின் வேலையில் அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. அதே வரியைத் திரும்ப அடித்தாள். அவர் திரும்பவும் உதட்டைப் பிதுக்கினார். பிறகு கிட்ட வந்து காதைக் கொடுத்துவிட்டு, பிந்துவது விரல் இல்லை, சொற்களுக்கு இடைவெளி விடுகிற அந்த நீட்டு விசையின் இடப்பக்கம் என்று தீர்ப்பை மாற்றினார். வத்சலா ஒரு கரண்டிக் காம்பால் விசையைக் கிளப்பினாள். கீழே ஒரு வெங்காயத் தோல். நாங்கள் அவரை வியந்து பார்த்தோம். அவருக்கு அதில் பெருமை எதுவும் இல்லை.

“தவிலெண்டால் வாரை இழுத்திருப்பன். உதுக்குள்ளை வெங்காயத் தோல் கிடக்குமெண்டு ஆர் கண்டது?”

வத்சலாவின் அம்மா

இந்தக் காலத்துக்குள் வத்சலாவுக்கு இரண்டு சம்பந்தம் பொருந்தி வந்து குழம்பின. இரண்டு தரமும் தன்னுடைய கலியாணக் காட்டை அவளே வெள்ளையில் அடித்தாள். முதலாவது மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறினார்கள். இரண்டாவது மாப்பிள்ளைக்கு விசா வந்தது, அவர் போய்விட்டார். இரண்டு காட்டையும் அந்தப் பெரிய அழிக்கிற விசையால் அவளே அழித்தாள். நான் வெளியே போய் வெங்காய மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு அவளுடைய அம்மா கடைக்கு வந்து, மூன்று கீபோட்டையும் முறையாகப் பரிசோதித்து, கறுப்பில் விரலை வைத்தார். “விடிஞ்சால் பொழுதுபட்டால் செத்த ஆக்களின்ரை பேரை அடிக்கிற விரலுக்கு எந்தக் கலியாணம் ஒட்டும்?” இனிமேல் வத்சலா கறுப்பைத் தொடக்கூடாது. அடுத்த சம்பந்தமும் குழம்பினால் வேலையை விட்டுவிட்டு வவுனியாவுக்குத் தமையன் வீட்டுக்குப் போகவேண்டும். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அன்றைக்கே ஒரு மரண அறிவித்தல் வந்தது. என்னுடைய இரண்டு விரலாலும் அடித்தேன். ஆறு மருமக்களில் ஒருவர் விடுபட்டுப் போனார். மறுநாள் கனடாவிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து அழைப்பு. குரலில் கோபமே இல்லை.

“தங்கச்சி, மாமாதான் செத்தவர். நான் இருக்கிறன்.”

பத்து மணி பன்னிரண்டு நிமிடம்

மூன்றாவது சம்பந்தம் உடுப்பிட்டியில் வந்தது. மாப்பிள்ளை நீர்ப்பம்பி திருத்துகிறவர். வத்சலாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாக எழுத்துப்பிழை விட்டாள். காட் அடிக்க நல்ல நேரம் பத்து பன்னிரண்டுக்குத் தொடங்கி அரை மணித்தியாலம். அம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, வெள்ளைக் கீபோட்டின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். தண்ணீர் கொண்டுவரவில்லை என்பதை நான் முதலில் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வத்சலா வந்து இருந்தாள். வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதன் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கறுப்பை எடுத்து மாட்டினாள்.

“உனக்கென்ன விசரோ?” என்றார் அம்மா.

“அம்மா, வெள்ளையிலை என்ரை பேரை ரண்டு தரம் அடிச்சன். ரண்டும் நிண்டுபோச்சு. கறுப்பிலை அடிச்ச ஒரு செத்தவீடாவது நிண்டதோ? தள்ளிப்போனதோ? நீங்களே எண்ணிப் பாருங்கோ.”

அம்மா உண்மையாகவே எண்ணினார். ஊரில் நடந்த செத்தவீடுகளை உதடு அசைய ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் நடந்திருந்தன. சுவர் மணிக்கூட்டில் நல்ல நேரத்தில் பாதி போய்விட்டது. அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கறுப்பிலும் ஒரு பொட்டு வைத்தார்.

“அப்ப அதிலையே அடி. மாப்பிள்ளையின்ரை பேரை நல்லா அழுத்தி அடி.”

கலியாணம் சொன்ன நாளில் நடந்தது. அளவெட்டித் தவில்காரர்தான் வாசித்தார். ஒரு விரலும் பிந்தவில்லை. ஒரு கிழமை கழித்து வத்சலா வேலைக்கு வந்துவிட்டாள். ஆனால் அவளுடைய அம்மா நடந்ததை உடுப்பிட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது கலியாண வீட்டார் கறுப்புத்தான் வேண்டும் என்கிறார்கள். சந்தனப் பொட்டு வைத்த கீபோட்டில் எங்கள் ஐயாவின் நோட்டீஸோ என்று செத்தவீட்டார் முகம் சுளிக்க, அவர்களுக்கு வெள்ளையில் அடிக்கிறோம். நானாவிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

ஆகவே, என்னோடு அவதிப்படுகிற தொழிற்காரர்களே, கீபோட் வாங்கும்போது அடிக்கிற ஆளின் விரலைப் பாருங்கள், அடிக்கிற எழுத்தைப் பாருங்கள், ஆனால் அவளுடைய அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் உறையைக் கிழிக்காதீர்கள்.