அண்ணி கலக்கிய போர்பன்

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஈஸ்டர் விருந்துக்கு, கப்பலில் வேலை செய்த அண்ணனின் நண்பர் அமெரிக்காவிலிருந்து போர்பன் விஸ்கி ஒரு பாட்டில் கொண்டுவந்தார். சோடா ஊற்றிக் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

“மரக்கட்டை வாசனை அடிக்குதுப்பா” என்றார் அண்ணன்.

பிரியாணி பரிமாறிய அண்ணி பாட்டிலை வாங்கி முகர்ந்தார். மதுவை அவர் அதுவரை தொட்டதேயில்லை. “வெல்லப்பாகு வாசனைதான் வருது. இருங்க” என்று உள்ளே போனார்.

ஒரு ஜக்கில் வெல்லமும் சுக்கும் எலுமிச்சைச் சாறும் கரைத்துப் போர்பனைக் கலந்தார். இன்னொன்றில் போர்பனோடு மாங்காய்ச் சாறு, உப்பு, கீறிய பச்சை மிளகாய். ஐஸ் உடைத்தது மட்டும்தான் நான்.

மாங்காய் ஜக்கு முதலில் காலியானது. முகர்ந்தே ருசியைப் பிடித்துவிட்ட அப்படியொரு மூக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

“இன்னா போட்டே இதுல?” என்று வியந்த அண்ணன், எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். அண்ணி தயங்காமல் உட்கார்ந்து, வெல்லம் கலந்ததில் ஒரு வாய் குடித்தார்.

“சுக்கு பத்தலை.”

எல்லோரும் சிரித்தோம். அடுத்த ஜக்கை அவர் சொல்லச் சொல்ல அண்ணன்தான் கலக்கினார்.