பச்சை பஸ்ஸின் ஹோன்

போன கிழமை மதுரங்குளியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தேடிப் போனது கிணற்றுக் கப்பி. தூக்கிக்கொண்டு வந்தது பஸ் ஹோன். நீங்கள் சிரித்தால் குற்றம் சொல்லமாட்டேன். என் மனைவி சிரிக்கக்கூட இல்லை. ஹோனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சோறு போடப் போய்விட்டாள்.

மூன்று குழல் வைத்த காற்று ஹோன் அது. நடுக்குழலின் வாய் நசுங்கியிருந்தது. பின்பக்கத்தில் பச்சைப் பெயின்ட் சிந்திக் காய்ந்திருந்தது. தகரக் குவியலுக்கு அடியில் பாதி புதைந்து கிடந்தாலும் கண்டவுடன் குனிந்து இழுத்தெடுத்தேன். பழைய சிநேகிதர்களைக் கண்டால் பெயர் ஞாபகம் வர நான் திண்டாடுவேன். பகைக்கு அந்தத் தொல்லை இல்லை, அது உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

"நானா, இது அந்தப் பச்சை பஸ்ஸுடதானே?" என்று கடைக்கார நானாவிடம் கேட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஓம், பின்னுக்கு மயில் படம் போட்ட பஸ். அத ஒடச்சி இரும்புக்கு வித்து எவ்வளவு காலம்! இது மட்டுந்தான் மிச்சம். ஒங்களுக்கு என்னத்துக்கு இது?"

"கோழிக்கூட்டுக்கு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் அதுதான் சரி என்று பட்டது.

அந்தக் கடையில் ஒரு மணம் இருந்தது. கருகிய எண்ணெயும் துருவும் சேர்ந்த மணம். என்னுடைய முதல் மோட்டர் சைக்கிளின் மணமும் அதுதான். சிவப்பு நிறத்தில் தொண்ணூறு சீசீ சைக்கிள். நாலாவது கையிலோ ஐந்தாவது கையிலோ என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அப்போது படகு இன்ஜின் சாமான்கள் விற்கும் கடையொன்றுக்கு றெப், ஊர் ஊராகப் போய் விற்கிறவன். ப்ளக்கும் இழுவைக் கயிறும் கேஸ்கட்டும் நிரப்பிய பையை பெட்ரோல் டாங்கியில் கட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டி ஒன்றையும் மாட்டிக்கொண்டு, கற்பிட்டி முதல் பள்ளிவாசல்துறை வரை மீனவர் கொட்டில் போட்டிருக்கும் வாடி வாடியாக ஏறி இறங்குவேன். கருவாட்டு நெடிக்குள் கழுத்துப்பட்டியோடு நின்ற என்னை நினைத்தால் இப்போது எனக்கே பாவமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஒடுங்கிய மணல் ஒழுங்கைகளுக்கு அந்தச் சைக்கிளைப் போல ஒன்று கிடையாது. வெங்காயப் பாத்திக்கு நடுவிலும் போகும். புதைந்தால் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். மணலில் ஸ்டாண்ட் நிற்காது என்பதால் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு சிரட்டை கிடக்கும். வந்தவர் அதைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஸ்டாண்டை ஊன்றிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு வீட்டில் எத்தனை சிரட்டை கிடக்கிறது என்று பார்த்தே அந்த வீட்டில் கல்யாணம் பேசுகிறார்களா என்று சொல்லிவிடலாம்.

பிரச்சினை பெரிய றோட்டில்தான் வந்தது. யுத்தம் இருந்தவரைக்கும் புத்தளம் – கொழும்பு றோட்டில் எல்லோரும் சமம். செக்பொயின்டில் பஸ்காரனும் இறங்கி நிற்பான், நானும் இறங்கி நிற்பேன், இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் ஒரே சிப்பாய்தான் பார்ப்பான். யுத்தம் முடிந்தது, சாவடிகள் போயின, றோட்டுக்கு வழுவழுவென்று தார்க் காபட் போட்டார்கள். அதோடு சமமும் போனது. பெரியது சின்னதைத் தள்ளத் தொடங்கியது.

என் அப்பாவுக்குக் கண்ணில் படலம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்த மனிதர். அதிகம் பேசமாட்டார். மாதத்தில் ஒரு நாள் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிலாபம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவேன். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், சேர்ட் பையில் செபமாலை. கோயிலுக்குப் போகிறவர் மாதிரித்தான் கிளினிக்குக்கும் போவார்.

அப்படிப் போன ஒரு நாள், முந்தல் தாண்டியதும் பின்னால் அந்த ஹோன் கேட்டது. மூன்று குழலும் மூன்று சுருதியில் அலறும். பச்சை பஸ். அதன் ட்ரைவர் எப்போதும் மஞ்சள் கண்ணாடி போட்டிருப்பான், அதனால் றோட்டில் எல்லோரும் அவனை மஞ்சள் கண்ணாடி என்றே சொல்வோம். முன்னால் வெறும் றோட் கிடந்தது. எதிரே ஒரு ஆட்டோகூட இல்லை. விலகிப் போக அவனுக்கு எவ்வளவோ இடம் இருந்தது. ஆனாலும் ஹோனை விடாமல் அடித்தபடி எங்களை ஒட்டியே வந்து இடது பக்கம் நெருக்கினான். புதுக் காபட்டுக்கும் ஓர மணலுக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம். முன் சில்லு அதில் இறங்கியது. நானும் அப்பாவும் சைக்கிளும் ப்ளக் பையும் ஒன்றாக றோட்டோரச் சேற்றுக் கானுக்குள் விழுந்தோம்.

பஸ் நின்றது. உதவி செய்யத்தான் நிற்கிறான் என்று நான் நினைத்தேன், அவ்வளவு மடையன் நான். மஞ்சள் கண்ணாடி தலையை வெளியே நீட்டினான்.

"என்ன தம்பி, தையல் மெசின்ல பாட்டாவ ஏத்திக்கிட்டுப் பெரிய றோட்டுக்கு வாறியா? வீட்டுக்குப் போய்த் துணி தையி!"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் சிரித்தார்கள். அப்பா கானுக்குள் சேற்றுச் சாரத்தோடு உட்கார்ந்து, உதிர்ந்த செபமாலை மணியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் கண் தெரியாதே. அந்தக் காட்சியை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கிற யோசனை இல்லை.

அப்பாவின் இடது முழங்கால் அன்றோடு கெட்டது. அதைவிட மோசம், அவர் என் பின்னால் ஏறுவதை நிறுத்திவிட்டார். பஸ்ஸிலும் ஏறமாட்டேன் என்றார். "அவன்ட பஸ்ஸா இருந்தா என்ன செய்ற? எனக்கு நெறம் தெரியாதே" என்றார். கிளினிக் தவறியது, அடுத்ததும் தவறியது. படலம் மட்டும் தவறாமல் வளர்ந்தது. நான் கத்தினால், "அவன ஆண்டவர் பாத்துக்கொள்வார். நீ கோவப்படாத" என்பார். எனக்கு ஆண்டவருக்காகக் காத்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. ஒவ்வொரு நாளும் விடியக்காலையில் அந்த ஹோன் ஞாபகத்தில் அடித்து என்னை எழுப்பும். பல் தீட்டும்போதே பல்லைக் கடிப்பேன்.

அப்போதுதான் பெரிய சைக்கிள் வாங்குவது என்று முடிவு கட்டினேன். வீட்டில் கேட்டவர்களுக்கு, தூரப் பயணத்துக்கு இடுப்பு வலிக்காது, பாரம் இருந்தால் காற்றுக்கு ஆடாது என்று நியாயங்கள் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான நியாயம் பச்சை நிறத்தில் இருந்தது. சிலாபத்தில் ஒருவரிடம் இருநூற்றைம்பது சீசீ சைக்கிள் ஒன்று விலைக்கு இருந்தது. கறுப்பு, எருமை மாதிரி உடம்பு. ஓடிப் பார்க்கச் சொன்னார். "இது பஸ்ஸை முந்துமா?" என்று கேட்டேன். "எந்த பஸ்ஸை?" என்றார் அந்த மனுசன். காசை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்த அன்றே அவமானம். ஊரே வாசலில் நிற்க, நான் வீரனைப் போல இறங்கி, பழக்கதோஷத்தில் காலால் சிரட்டையைத் தள்ளி, அதன்மேல் ஸ்டாண்டை ஊன்றினேன். தொண்ணூறைத் தாங்கிய சிரட்டை இந்தப் பாரத்துக்கு அப்பளமாக நொறுங்கியது. சைக்கிள் சாய்ந்து பக்கத்து வீட்டுக்காரரின் வெங்காயப் பாத்தியில் விழுந்தது. தூக்க ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய சைக்கிளை மணலில் நிறுத்தவே முடியாது, தார் றோட்டில்தான் நிறுத்தலாம் என்று அன்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்பா கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவராகவே எழுந்து வந்து சீட்டை அமத்திப் பார்த்தார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கடலில் இன்ஜின் கேட்டுப் பழகிய காது அது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கிளினிக்குக்குப் போவம்" என்றார். நான் ஓடிப்போய் அவருடைய வெள்ளைச் சாரத்தை எடுத்து வந்தேன்.

மதுரங்குளிச் சந்தியில் பச்சை பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. நான் அமைதியாகத் தாண்டிப் போனேன். கொஞ்சத் தூரத்தில் பின்னால் அந்த ஹோன் கேட்டது. என் முதுகில் அப்பாவின் கை இறுகியது. பயந்துவிட்டார் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கப் போனேன். காதுக்குள் அவர் குரல் வந்தது.

"இது இன்னும் ஓடாதா?"

முறுக்கினேன். சைக்கிள் முனகக்கூட இல்லை. ஹோன் சின்னதாகி, சின்னதாகிப் பிறகு காற்றில் கரைந்தது. சைக்கிளின் பக்கக் கண்ணாடியில் பச்சைப் புள்ளியாக அவன் போவதைப் பார்த்தேனே, அந்தச் சந்தோசத்தை நான் யாருக்கும் பங்கு தரமாட்டேன். என்னளவில் பழி தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்குத் தீரவில்லை. சிலாபத்துக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோட்ட வேலியோரமாக, அந்தோனியாரின் கண்ணாடிக் கூண்டு ஒன்று அப்போது இருந்தது. அந்த றோட்டில் ஓடும் பஸ்காரர், லொறிக்காரர் எல்லோரும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அதில் நிறுத்தி உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கே யாரும் ஹோன் அடிப்பதில்லை. அடித்தால் அன்றைக்குச் சில்லு காற்றுப் போகும் என்று நம்பிக்கை. அப்பா என் தோளைத் தட்டினார்.

"அந்தோனியாரடியில நிப்பாட்டு. நிழல்ல நிப்பம்."

நின்றோம். கொஞ்ச நேரத்தில் பச்சை பஸ் வந்து கூண்டுக்கு நேரே நின்றது. அதன் பின்னால் கற்பிட்டி வெங்காய லொறி ஒன்றும் காசு போட வந்து முட்டுகிற மாதிரி ஒட்டி நின்றது. கொண்டக்டர் காசோடு இறங்கினான்.

"லொறி வந்திட்டா?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்."

"இப்ப கொண்டுபோய் அவன்ட மூக்குக்கு முன்னுக்குக் குறுக்கால போடு."

நான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோவப்படாத, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்குப் புத்தி சொன்ன முகம். அதில் அப்படியொரு நஞ்சை நான் கண்டதே இல்லை. கொண்டுபோய்க் குறுக்கே போட்டேன், சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முன்னால் சைக்கிள், பின்னால் லொறி, பஸ்ஸுக்கு அசைய வழியில்லை. அப்பா கூண்டுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, முழங்காலிட்டு, செபமாலையை எடுத்தார்.

கொண்டக்டர் ஓடி வந்தான். "ஐயா, சைக்கிள அங்கால மணல்ல போடுங்க!"

"மணல்ல நிக்காது தம்பி" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "பாரமான சைக்கிள்." பிறகு விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார்.

அப்பா அவ்வளவு ஆறுதலாகச் செபமாலை சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு அருள்நிறை மரியேயும் தனியாகக் கால் நீட்டிப் படுத்து எழும்பியது. மஞ்சள் கண்ணாடி ஹோனில் கையை வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான். பஸ்ஸுக்குள் ஒரு கிழவி, "சாமிக்கு முன்னால சத்தம் போடாத, செபம் முடியட்டும்" என்று அதட்டினாள். போட்டிக்கு ஓடும் சிவப்பு பஸ் வந்து நின்று, காசு போட்டுவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. அதன் கொண்டக்டர் கதவில் தொங்கியபடி கைகாட்டிவிட்டுப் போனான். சிலாபம் வரைக்கும் நிற்கிற சனம் முழுவதும் இனி சிவப்புக்குத்தான். மஞ்சள் கண்ணாடியின் முகம் போன போக்கை நான் வேலியில் சாய்ந்து, ஒரு செவ்விளநீரும் குடித்துக்கொண்டு பார்த்தேன். செபமாலை முடிந்தது. அப்பா மன்றாட்டு மாலையைத் தொடங்கினார்.

எழும்பவும் அவருக்கு நேரம் எடுத்தது. கெட்ட முழங்கால். அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? நொண்டி நொண்டி ட்ரைவர் பக்கம் போய் அண்ணாந்து நின்றார்.

"தம்பி, என்ட கண்ணுக்கு ஒரு செபம் சொன்னன். உங்கட கண்ணுக்கும் ஒண்டு சொன்னன். அண்டைக்கு முந்தல்ல எங்களக் காணல்லத்தானே."

"எண்டைக்கு, பாட்டா?" என்றான் அவன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையாகவே விளங்காமல் கேட்டான். என் இரத்தம் கொதித்தது. எத்தனை விடியல் நான் அவனால் பல்லைக் கடித்திருக்கிறேன், அவனுக்கு ஞாபகமே இல்லை!

அப்பா செபமாலையைத் திரும்பப் பையிலிருந்து எடுத்தார். "ஞாபகம் வாற வரைக்கும் இன்னொருக்காச் சொல்லட்டா?"

"ஐயோ, ஞாபகம் இருக்கு! ஞாபகம் இருக்கு பாட்டா! மன்னிச்சிக்கொள்ளுங்க!"

உண்மையாக ஞாபகம் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். "கிளினிக் மூடிருவாங்க, கெதியா விடு" என்றார்.

கண் பிறகு ஒப்பரேசன் செய்து சரியானது. அந்தக் கண்ணோடு அப்பா பல காலம் என் பின்னால் வந்தார். பச்சை பஸ்ஸைக் கண்டால் நான் சொல்லத் தேவையில்லை, முதுகில் தட்டுவார். இப்போது றோட்டை அகட்டிவிட்டார்கள். அந்தோனியாரைக் கோயில் வளவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், அவரிடம் பஸ் எதுவும் நிற்பதில்லை. சிரட்டைகளும் போய்விட்டன, ஒழுங்கைகளுக்கெல்லாம் கொங்கிரீட். மஞ்சள் கண்ணாடி எங்கே போனான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கறுப்புச் சைக்கிளை நான் விற்றேன், அப்பா காலமான வருடத்தில். பின் சீட்டின் பாரம் இல்லாமல் அது ஒரு மாதிரி ஓடியது.

ஹோனைக் கோழிக்கூட்டுக்குள் குறுக்காகக் கட்டிவிட்டேன். பொழுதுபட்டால் கோழிகள் மூன்று குழலிலும் வரிசையாக ஏறி உட்கார்ந்து எச்சம் போடுகின்றன. நடுக்குழலில் சேவல். அப்பா இருந்திருந்தால் கதிரையைக் கூட்டுக்கு முன்னால் போடச் சொல்லி, தேத்தண்ணியும் கேட்டிருப்பார். நான் கதிரை போடுவதில்லை. நின்றபடியே, அவருக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வருகிறேன்.