காமாக்ஷி கட்டிய பாய்க்கயிறு

டில்லி மோதி பாக்கில் அவர்கள் இருந்த பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸை இடிப்பதற்காகக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அதே வாரத்தில்தான் காமாக்ஷியின் கணவர் வேதாந்தத்துக்குப் பக்கவாதம் வந்தது. காமாக்ஷி ரிடயர் ஆக இன்னும் பத்து மாதம் இருந்தது. வீடு அவள் உத்தியோகத்துக்காக அவள் பேரில் ஒதுக்கியது. பகலெல்லாம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் வந்து மூட்டை கட்டுவது என்று பன்னிரண்டு நாள் ஓடியது. பூனாவிலிருந்து வந்த மகள் ஜ்யோத்ஸ்னா ஒரு வாரம் கூட இருந்துவிட்டு, குழந்தைக்குப் பரீட்சை என்று திரும்பிப் போயிருந்தாள்.

சாமான்களை டெம்போக்காரர்கள் ஏற்றினார்கள். ஒன்றை மட்டும் காமாக்ஷி அவர்கள் கையில் கொடுக்கவில்லை. அது ஒரு மரக்கப்பல். கோழிக்கோட்டுப் பக்கம் 'உரு' என்பார்கள். தேக்கில் கட்டி அரபு நாட்டுக்கு அனுப்புகிற பெரிய கப்பல். அதையே இரண்டடிக்குச் சுருக்கி, பலகை பலகையாகச் சேர்த்து, இரண்டு பாய்மரம் நட்டு, நூலால் கயிறு கட்டி யாரோ செய்திருந்தார்கள். ஆடிட் வேலையாக அங்கே மூன்று மாதம் போயிருந்த வேதாந்தம் அதை வாங்கி, ரயிலில் மடியில் வைத்தபடியே டில்லிக்குக் கொண்டுவந்தார். முப்பத்துமூன்று வருஷமாக அதை அவர் ஒருவர்தான் துடைத்தார். வேறு யாராவது தொட்டால் கத்த மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம்.

புது வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் அப்போது ஓட ஆரம்பிக்கவில்லை. கப்பலைப் பழைய வேஷ்டியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறியவளுக்கு நாலாவது மாடித் திருப்பத்தில் புடவை காலில் சிக்கியது. கப்பலின் மேலேயே விழுந்தாள். முழங்கையில் ரத்தம் வந்தது அப்புறம்தான் தெரிந்தது. வேஷ்டியைப் பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே சமையலறைப் பரணில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த மாதம் வேதாந்தம் வீட்டுக்கு வந்தார். வலது கை தொங்கிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான். குரலை வைத்துத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். வந்த அன்றே, கப்பல் எப்போதும் நிற்கிற அலமாரித் தலையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். இன்னும் பிரிக்காத பெட்டிகள் நிறைய இருக்கின்றன என்று அவள் சொல்லிவைத்தாள். மறுநாளும் கேட்டார். பத்து நாள் இதே பதிலைச் சொன்னவளுக்குப் பதினோராவது நாள் சொல்ல முடியவில்லை.

"ஏன்னா, உங்க கப்பல் பரண்ல இருக்கு. மாடி ஏறறச்சே நான் விழுந்துட்டேன். உடைஞ்சுபோச்சு. எவ்வளவுன்னு நானே இன்னும் பார்க்கலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் ஸ்பூனை நீட்டியபோது வாயைத் திறக்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, பழக்கமில்லாத இடது கையால் தயிர்சாதத்தை அள்ளினார். பாதி மடியில் விழுந்தது. காமாக்ஷி சமையலறைக்குப் போய் அழுதாள். அழுது முடித்துத் தட்டை எடுக்க வந்தபோதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் தானாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது என்று அவளுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே கப்பலை இறக்கி அவர் எதிரில் மேஜைமேல் பிரித்தாள். முன்பாய்மரம் இரண்டாக ஒடிந்திருந்தது. பின்பக்கம் மூன்று பலகை பிளந்திருந்தது. சுக்கானைக் காணவே காணோம். கயிறெல்லாம் ஒரே சிக்கு. வேதாந்தம் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலனியில் கதவும் கட்டிலும் ரிப்பேர் பார்க்கிற மதியழகனைக் கூப்பிட்டாள். விழுப்புரத்துக்காரர், டில்லிக்கு வந்து இருபது வருஷம் இருக்கும். பார்த்ததும் தயங்கினார்.

"நான் பீரோ, கட்டில் செய்யறவன்மா. இது நகை வேலை கணக்கா இருக்கு. ஒண்ணு ஆனா என்னைச் சொல்லக் கூடாது."

ஆனாலும் நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இடித்துப் போட்ட குவார்ட்டர்ஸின் ஜன்னல் சட்டத்திலிருந்து மெல்லிய தேக்குப் பட்டை அறுத்து எடுத்துவந்தார். அதைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துக் கப்பலின் வளைவுக்கு வளைத்து ஒட்டினார். சுக்கான் எப்படி இருந்தது என்று காமாக்ஷிக்கு நினைவில்லை. வேதாந்தம் இடது கையால் பென்சிலைப் பிடித்து வரைந்தார். மீன் மாதிரி வந்தது. மதியழகன் செதுக்கிய முதல் இரண்டையும் தலையாட்டி ஒதுக்கிவிட்டு, மூன்றாவதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். கயிறு வேலையை மட்டும் மதியழகன் தொடவில்லை. தன் விரல் தடிப்பு, அது அம்மாவின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

காமாக்ஷி சரோஜினி நகர் மார்க்கெட்டில் குரோஷா பின்னல் நூல் வாங்கி வந்து, காபி டிகாக்ஷனில் முக்கிப் பழுப்பாக்கிக் காயவைத்தாள். ஆபீஸிலிருந்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அவள் கட்டக் கட்ட, அவர் இடது கையால் பிடித்து இழுத்து அவிழ்த்தார். பழைய முடிச்சு வேறு மாதிரி இருந்ததாம். "அதான், அதான்" என்று மேஜையைத் தட்டினார். ஐந்தாம் நாள் அவள் நூலைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷமா என்னை இதைத் தொட விடலை. இப்போ இருக்கிறது என் கைதான். என் கைக்குப் பூக் கட்டற முடிச்சுதான் தெரியும். அது வேண்டாம்னா உங்க கப்பல் இப்படியே கிடக்கட்டும்."

 சொன்ன பிறகு, வாயில்லாதவரிடம் இப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. ஆனால் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. எழுந்து போய்க் குக்கரை ஏற்றினாள். விசில் வந்து, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது வேதாந்தம் நூலின் ஒரு முனையை இடது கையில் சுற்றி, விறைப்பாகப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். மறுமுனை அவள் நாற்காலிப் பக்கம் நீண்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள். ஒருவர் இழுத்துப் பிடித்தால் முடிச்சு இவ்வளவு சுலபமாக விழும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முன்னால் வேலை முடிந்தது. முன்பாய்மரம் லேசாகச் சாய்ந்துதான் நின்றது. முடிச்சுகள் கொஞ்சம் பெரிசு. பூனாவிலிருந்து வந்த ஜ்யோத்ஸ்னா, ஆன்லைனில் புதுசே கிடைக்குமே என்றாள். வேதாந்தம் கண் காட்ட, காமாக்ஷி கப்பலைத் தூக்கி அலமாரித் தலையில் வைத்தாள்.

வலது கைக்கு உயிர் திரும்பவில்லை. பேச்சில் 'தண்ணி' என்றும் 'காமு' என்றும் இரண்டு வார்த்தை கூடியது. ஜனவரியில் காமாக்ஷி ரிடயர் ஆனாள். அதற்கடுத்த வாரம் மதியழகன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே லக்ஷ்மிபாய் நகரில் ஒருவர் வீட்டுக் காஷ்மீர் ஷிகாரா பொம்மை, மேலே பந்தல் போட்ட சின்னப் படகு. பந்தல் சரிந்து, திரைச்சீலை கட்டிய நூலெல்லாம் இற்றுப்போயிருந்தது.

"மரத்தை நான் பார்த்துடறேன்மா. நூலு வேலைக்கு சாரும் நீங்களும் இருக்கீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கேக்காம சொன்னது தப்புதான்."

ஒன்று செய்ததே தட்டுத்தடுமாறி, அடுத்தவர் சாமானை எப்படித் தொடுவது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேதாந்தம் காலை இழுத்து மேஜைக்குப் போய், அதன்மேல் கிடந்த பேப்பரை இடது கையால் ஒதுக்கிவிட்டு, பெட்டியைக் கொண்டுவரும்படி மதியழகனுக்குக் கை காட்டினார். காமாக்ஷி மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்ளே போனாள்.