கார் போட்ட சத்தமும் நான் சொன்ன பெயரும்

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். அவருக்கு ஜாசின் டவுனில் அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய சின்னக் கார் அது. நன்றாகத்தான் ஓடியது, சத்தம் கித்தம் எதுவும் இல்லை. அதை அப்படியே விட்டிருந்தால் என் மானம் நடுரோட்டில் போயிருக்காது.

மலாக்கா டவுனில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவர் தன் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருந்தார். பந்தயக் கார் அப்படித்தான் இருக்குமாம். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பளம் வந்ததும் ஒரு சீனர் பட்டறையில் காரை விட்டார். முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தார்கள். பின்பக்கம் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டைகளைச் சொருகி முடுக்கினார்கள். கார் வீட்டு வாசலுக்கு வந்தபோது, நிறைசூலி குந்தியிருப்பதுபோல் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“என்னங்க, டயர்ல காத்து இறங்கிடுச்சா?” என்று கேட்டேன்.

“உனக்கு என்ன தெரியும்? இதுதான் ஸ்டைலு” என்றார்.

அந்த வாரமே சத்தம் ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’. வளைவில் திரும்பினால் ஒரு முனகல். காலியாகப் போனால் குறைவாகவும், நான் ஏறி உட்கார்ந்தால் கூடுதலாகவும் கேட்டது. “நீ கொஞ்சம் குண்டாயிட்டே” என்று சொல்லிப் பார்த்தார். சாமான் பெட்டியில் ஜாக்கிக் கம்பி உருள்கிறது என்று அதைத் துணியில் சுற்றி வைத்தார். புகைக்குழாய் ஆடுகிறது என்று கம்பி போட்டுக் கட்டினார். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் அப்பினார், என் துணி சோப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காரின் அடியிலிருந்து வெளியே வந்து, “போச்சு, இனிமே வராது” என்பார். முதல் பள்ளத்திலேயே அது ‘டொக்’ என்று பதில் சொல்லும். மனுஷர் முகத்தில் ஈயாடாது.

பட்டறைக்காரர், ஓடுகிற காரில் ஒரு ஆள் பின்னால் படுத்துக் காது வைத்துக் கேட்டால்தான் சத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்று சொல்லி அனுப்பினார். கூட்டாளிகளைக் கூப்பிடலாம். ஆனால் ஆபீஸ் முழுக்க, கார் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று இவர் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார். அதனால் அந்த ஆள் நான்தான் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். நான் அந்த வெறும் தகரத்தில் ஒருக்களித்துப் படுத்துக் காதை வைத்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் இரண்டு பேர் குனிந்து பார்த்துவிட்டார்கள். புதுப் பெண்டாட்டி காரின் தரையில் சுருண்டு கிடக்கிறாள், புருஷன் முன்னால் விசில் அடித்துக்கொண்டு ஓட்டுகிறான் என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. “என்னங்க, வீட்டுக்குத் திருப்புங்க” என்றேன். திருப்பினார். உள்ளே போய் ஒரு பழைய போர்வையை எடுத்துவந்து தலையோடு மூடிக்கொண்டு மறுபடி படுத்தேன். கைப்பையை எடுக்கவில்லை. எஸ்டேட் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதற்குக் கைப்பை எதற்கு? என் ஐ.சி., போலீஸ் கேட்டால் காட்டவேண்டிய அடையாள அட்டை, அதில்தான் இருந்தது.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் அரிசியையும் சீனியையும் பால் டின்னையும் எண்ணி எண்ணிக் கொடுத்த நேரம். ஒரு பிடி அரிசியை டவுனை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. எந்த ரோட்டில் எப்போது தடுப்புக் கட்டை விழும் என்று யாருக்கும் தெரியாது. பின்பக்கம் அழுந்திக் கிடக்கிற ஒரு கார் அந்தக் காலத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கார் நின்றது. பள்ளத்தைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் ஆண் குரல்கள் கேட்டன. பின்னாலேயே ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தமும், அதில் ஆட்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. ஐயோ, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சையும் அடக்கிக்கொண்டேன். என் வெட்கம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. கதவு திறந்தது. துப்பாக்கி முனை போர்வையை வாரி இழுத்தது.

ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள், தமிழ்ப் பையன், என்னைப் பார்த்துப் பயந்து ஓரடி பின்னால் போனான். “அக்கா! இங்க என்னா செய்றீங்க?” என்றான்.

கொண்டை அவிழ்ந்து, கன்னத்தில் கிரீஸோடு இறங்கி நின்றேன். பஸ்ஸில் ஜன்னலுக்கு இரண்டு தலை. எங்கள் வரிசை வீட்டு அம்மா ஒருவரும் அதில் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாய் திறந்தால் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இவரை அதற்குள் தடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே அரிசி இல்லை, எதுவுமே இல்லை. ஆனால் பாரமே இல்லாத கார் ஏன் இப்படித் தாழ்ந்திருக்கிறது, சீட்டு எங்கே போயிற்று, போர்வைக்குள் ஏன் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள், அவளிடம் ஏன் ஐ.சி. இல்லை? அரிசி மூட்டையை எங்கோ இறக்கிவிட்டு, இப்போது காட்டிலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அவர் நினைத்தார். சத்தம் கேட்பதற்காகப் பெண்டாட்டியைப் படுக்கவைத்தேன் என்று இவர் சொன்ன உண்மையைக் கேட்டுச் சிரித்தாராம்.

நான் பெண்டாட்டிதானா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். கான்ஸ்டபிள் பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அக்கா, மாமா பேரு என்னானு சார்ஜெண்டு கேக்குறாரு.”

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்கள். கடைக்காரர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் குறிப்புக் காட்டுவோம். அதையே இங்கேயும் செய்தேன்.

“மலைமேல நிக்கிற சாமி பேரு தம்பி” என்றேன்.

“முருகனா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“வேலாயுதமா? சுப்பிரமணியமா?”

அந்தச் சாமிக்கு ஊர்ப்பட்ட பெயர். பையன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்ட, சார்ஜெண்டின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. காட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த நாளில் ஆளுக்கு நாலைந்து பெயர். தேடப்படுகிறவர்களின் போட்டோவுக்குக் கீழே அப்படித்தான் வரிசையாகப் போட்டிருப்பார்கள். எங்கள் வழக்கத்தைப் பையன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கப் பார்த்தான். சார்ஜெண்ட் கையை வீசி அவனை நிறுத்திவிட்டு, ஓரமாக நின்ற போலீஸ் லாரியைக் காட்டினார்.

“அக்கா, சொல்லிடுங்க” என்று பையன் கிட்டே வந்து கெஞ்சினான். “இல்லாட்டி மாமாவ ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. உள்ள போனா எப்ப வெளிய விடுவாங்கனு யாருக்கும் தெரியாது. கவர்மெண்டு வேலையும் போயிடும்லா.”

மணல் மூட்டைக்கு மேலே இவருடைய தலை மட்டும் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு என்று ஒரு சைகை காட்டுவார் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. ஒருத்தன் அவர் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் திருப்பினான்.

சொல்லிவிட்டேன்.

சார்ஜெண்ட் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். கேட்கவில்லையாம். மறுபடி சொன்னேன். அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். இன்னாருடைய மகன் இன்னார் என்று, மாமனார் பெயரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறமாதிரி உரக்கச் சொன்னேன். பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் ஒரு ஆள் சிரித்தான். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன்.

இவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போனதால் விட்டுவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கார் ‘டொக்’, ‘டொக்’ என்று அடித்துக்கொண்டுதான் வந்தது.

மறு வாரமே கட்டைகளைக் கழற்றச் சொல்லிப் பட்டறையில் விட்டார். எதுவும் கழன்றிருக்கவில்லையாம். காரைத் தாழ்த்தியதில் அச்சு மேலே எழும்ப இடமில்லாமல், பள்ளத்துக்குப் பள்ளம் அடித்தகரத்தில் போய் முட்டியிருக்கிறது. பழைய உயரத்துக்கு ஏற்றியதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தன்னால் எனக்கு வந்த கேவலத்தை நினைத்துக் கூசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூட இருந்தது.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“நீ சொல்லாம இருந்திருக்கலாம். என்னா செஞ்சிருப்பான்? ஒரு ராத்திரி உள்ள போட்டிருப்பான். பஸ்ஸு முழுக்கக் கேட்டுச்சு. ஆபீஸ்ல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுச் சிரிக்கிறானுங்க.”

குழம்புச் சட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிடலாம் என்று வந்தது. உன்னைக் காப்பாற்றத்தானே மானத்தை விட்டேன் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று எனக்குள் இருந்தது.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகையில் முதன்முதலாகப் பார்த்ததிலிருந்து, ஆள் இல்லாத நேரத்தில் குளிக்கும்போது, தண்ணீரை ஊற்றிக்கொண்டே உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பெரியவர்கள் என்ன சொன்னால் என்ன, என்றைக்காவது ஒரே ஒரு தடவை அவர் காதில் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவர் என் வாயால் தன் பெயரைக் கேட்டது அந்த ரோட்டில்தான், போலீசுக்குப் பதில் சொல்கிற குரலில், அப்பா பெயரோடு. இனி நான் எப்படிச் சொன்னாலும் அவருக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?” என்று கேட்டேன்.