வாய்விட்டுப் படிக்காத ஊசி

அடையாறில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், இணையதளத்தில் போட என்னைப் பற்றி நான்கு வரி கேட்டார்கள். எம்.பி.பி.எஸ்., குழந்தை மருத்துவத்தில் எம்.டி., பிறகு குழந்தைகளின் ரத்தநோய், புற்றுநோய்க்கென்று மூன்று வருடப் பயிற்சி. எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்க்க எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு காலையை மட்டும் எழுதவில்லை.

அது பயிற்சியின் கடைசி வருடம். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா, ரத்தப் புற்றுநோய் வந்த ஐந்து வயது மகளை வாராவாரம் கூட்டி வருவார். அன்று பிள்ளைக்கு முதுகுத்தண்டில் ஒரு மருந்து, கை நரம்பில் இன்னொன்று. நரம்புக்கான மருந்து முதுகுக்குள் போனால் பிள்ளை பிழைக்காது. அதனால் ஊசி போடுமுன் டாக்டரும் நர்ஸும் சேர்ந்து பிள்ளையின் பெயர், மருந்தின் பெயர், போட வேண்டிய இடம் மூன்றையும் மருந்தின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். எனக்கு அது பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி சலித்துப்போயிருந்தது.

அன்று பக்கத்து அறையில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வர, நர்ஸ் ஓடிவிட்டார். இரண்டு மருந்துகளும் ஒரே தட்டில் வந்திருந்தன, வந்திருக்கவே கூடாது. அம்மா மகளைச் சுருட்டிப் பிடித்திருந்தார். முதுகில் வெற்று ஊசி இறங்கி, தண்டுவட நீர் சொட்டத் தொடங்கியிருந்தது; மருந்தை ஏற்றுவதுதான் பாக்கி. காத்திருக்கப் பொறுமையில்லாமல் தட்டிலிருந்த மருந்துகளில் ஒன்றை எடுத்தேன்.

"இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு பாப்பா பேர படிக்கலியா? எப்பவும் ரெண்டு பேரா சொல்லுவீங்களே," என்றார் அம்மா.

எரிச்சல் வந்தது. அவர் வாயை அடைக்கத்தான் படித்தேன். பெயர் சரி. மருந்து வேறு. என் கையில் இருந்தது நரம்புக்கானது.

அதைக் கீழே வைத்து நர்ஸைக் கத்திக் கூப்பிட்டேன். இருவருமாகப் படித்துச் சரியான மருந்தைப் போட்டோம். முடிந்ததும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மறைத்திருக்கலாம். மறைக்கத் தைரியம் வரவில்லை. சீனியரிடம் சொன்னேன், பிறகு அம்மாவிடமும் சொன்னேன். திட்டுவார், மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"எனுக்கு எய்தப் படிக்கத் தெரியாது. காதுல வுழுதான்னுதான் பாத்துக்கினு இருப்பேன். இனிமே சத்தமா படிங்க," என்றார்.

இன்றும் ஊசியை எடுத்தால் சத்தமாகத்தான் படிக்கிறேன். புதிதாக வரும் அம்மாக்களிடம், நான் படிக்காமல் ஊசி போட வந்தால் என் கையைப் பிடித்து நிறுத்துங்கள் என்று சொல்லிவைக்கிறேன். அவர்கள் முகத்தில் பயம் வருகிறது. வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.