கடைசிக் குழியில் இருந்தவள்

என் அம்மா ஊரில் எல்லோரிடமும் நான் தஞ்சாவூரில் ஏதோ ஆபீஸ் வேலை பார்ப்பதாகத்தான் சொல்லிவைத்திருந்தாள். மகள் மண்டையோட்டைப் பிரஷ்ஷால் துடைக்கிறாள் என்று எந்தத் தாய் வெளியில் சொல்வாள்? எங்கள் பக்கம் பெண்கள் பிணத்தோடு தெருமுனை வரைதான் போவார்கள். அப்பாவைக் கொண்டுபோனபோதுகூட அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு தடவையாவது அவள் என் வேலையை வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. கூப்பிட்டால், "பொணக் குழியில என்னடி பாக்கச் சொல்ற?" என்பாள்.

அந்தக் கோடையில் எங்கள் தொல்லியல் குழுவோடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், இடிந்துபோன பழைய சைவ மடம் ஒன்றின் பின்புறத்தைத் தோண்டினோம். மேட்டூர்த் தண்ணீர் வயலுக்கு வருவதற்குள் முடித்தாக வேண்டும். மடத்துத் துறவிகளை எரிப்பதில்லை. சம்மணமிட்டு உட்காரவைத்து, சுற்றிலும் உப்பும் திருநீறும் கொட்டி மூடுவார்கள். செங்கல் கட்டிய சதுரக் குழிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சதை போனபின் விலா எலும்பும் மண்டையும் மடியில் சரிந்துவிடும். மடித்த கால்கள் மட்டும் மடித்தபடியே இருக்கும். கடைசிக் குழியிலும் அப்படித்தான். ஆனால் இடுப்பெலும்பு அகன்று விரிந்திருந்தது. சந்தேகமில்லை, அது ஒரு பெண்.

எங்கள் குழுத் தலைவர் ஒப்பவில்லை. "மடத்துல பொம்பளைக்கு ஏதும்மா சமாதி? ஆம்பளைன்னே போட்டுடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எலும்பு சொல்றதத்தான் சார் நான் எழுதுவேன்" என்றேன்.

அவர் சென்னையிலிருந்து பேராசிரியர் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் குழிக்குள் இறங்கி, பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இவங்க சொன்னதுதான் சரி. பொம்பளைதான்" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பொம்பளையவா அப்படி உக்கார வச்சாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றாள். தினமும் வேடிக்கை பார்க்க வரும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், குழிகளைச் சுற்றி நாங்கள் கட்டியிருந்த கயிற்றருகே அவளை மறித்தார். "சாமியாருங்க சமாதிம்மா. பொம்பளைங்க கிட்டப் போகக் கூடாது."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உள்ள உக்காந்திருக்கிறதே பொம்பளைதாங்க. என் மவதான் கண்டுபிடிச்சா. தள்ளுங்க, பாக்கணும்."