கம்பிக்குச் சடை பின்னியவர்

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம்தான் நல்லதம்பியின் பட்டறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆகையால் அவர் எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பார். வருகிறவர்கள் குனிந்துதான் பேச வேண்டும். “எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் நம்மகிட்ட குனிஞ்சுதான் ஆகணும்” என்று சொல்லிச் சிரிப்பார்.

முசிறிக்குப் பக்கத்தில் வாழை போடுகிற குடும்பம் அவருடையது. வாழைத்தார் வண்டியோடு காந்தி மார்க்கெட்டுக்கு வந்தவர், ஒருநாள் அங்கே மைக்செட் கட்டுகிறவர்களை வாய் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குத் திரும்புகிற வண்டி போய்விட்டது. போனது போகட்டும் என்று அந்த மைக்செட் கடையிலேயே சேர்ந்துகொண்டார். வயர் நுனியில் ஈயம் பற்றவைக்கும் கோல் பிடிக்கப் பழகினார், இருசம்மாளைக் கல்யாணம் கட்டிப் பாலக்கரையில் குடி வைத்தார், ஐம்பதுகளின் கடைசியில் தனியாகப் பட்டறை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

செய்தது ஒரே வேலை. கேபிள். அதுவும் ஊர் ஊராய்ப் போய் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கான கேபிள். டேப் ரிக்கார்டர் என்றால் அப்போது ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தினுசு பிளக். நம் ஊர்ச் சுவரிலோ உருண்டைத் துளை. அந்த மிஷினும் இந்தச் சுவரும் ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்காது. நல்லதம்பி இடையில் ஒரு கேபிள் செய்து இரண்டையும் சேர்த்துவைப்பார். “ரெண்டு வீட்டுக்காரங்களும் முறைச்சுக்கிட்டு நிப்பாங்க சார். நான்தான் நடுவுல போயி சம்பந்தம் பேசி முடிக்கிறேன்” என்பார். முடித்த கேபிளை ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பார். அதில் தப்பினால்தான் வாசல் தாண்டும்.

இப்படி இருக்கையில் அறுபத்து நாலாம் வருஷம் ரெங்கராஜ் வந்து குனிந்தார். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்காரர். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு பார்த்துவிட்டு, இப்போது கிராமத்துப் பாட்டுகளை டேப்பில் பிடித்துத் தரும் வேலையை ஒரு டாக்குமெண்டரி கம்பெனியிடம் ஏற்றிருந்தார். நடவுப் பாட்டு வேண்டும் என்றார்.

“நடவுப் பாட்டா? எங்க அக்கா பாடறதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க” என்று நல்லதம்பி நிமிர்ந்து, தலையை இடித்துக்கொண்டார்.

அக்கா வேலம்மாளை மண்ணச்சநல்லூரில் கொடுத்திருந்தது. நடவுக்குப் போகிற பெண்களுக்கு அவள்தான் முன்பாட்டு. அவள் எடுத்துக் கொடுத்தால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். பெரியண்ணன் என்கிற அந்த ஊர் ரைஸ் மில்காரரின் வயல், மில்லுக்குப் பின்னாலேயே இருக்கிறது, மின்சாரத்துக்கும் கவலை இல்லை என்று நல்லதம்பி பட்டறையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பேசிவிட்டார்.

ரெங்கராஜ் கணக்குப் போட்டார். “ரிக்கார்டர் மில்லுக்குள்ள இருக்கும். மைக் வயல்கிட்ட இருக்கணும். அந்த மைக்குக்குத் துணையா ஒரு பெட்டி உண்டு, அதுக்கும் கரண்ட் வேணும். ஆக, கரண்ட் இங்கேருந்து அங்கே போகணும். சத்தம் அங்கேருந்து இங்கே வரணும். இருநூறு அடி. செய்வீங்களா?”

“ஜோரா செஞ்சிடலாம் சார்.”

“பம்பாயில ஆர்டர் கொடுத்தா வந்துடும். ஆனா ஒவ்வொரு தடவையும் பம்பாய்க்கு எழுதிட்டு உட்கார்ந்திருக்க முடியலை. இது சரியா அமைஞ்சா எங்க கம்பெனிக்கு வேண்டிய கேபிள் மொத்தமும் உங்ககிட்டதான். அமையலைன்னா நான் பம்பாய்க்கே எழுதிடறேன். வருத்தப்படக் கூடாது.”

அன்றிலிருந்து நல்லதம்பிக்குத் தூக்கம் போய்விட்டது, சந்தோஷத்தில். அதுவரை அவர் செய்ததெல்லாம் ஆறடி, பத்தடிக் கேபிள்கள். இருநூறு அடி இதுதான் முதல் தடவை. மின்சார வயர் ஒன்று, எர்த் வயர் ஒன்று, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மைக் வயர் ஒன்று. மூன்றையும் தனித்தனியாக விட்டால் வரப்பில் சிக்கிக்கொள்ளும், யார் காலையாவது தட்டும். மூன்று என்றதும் அவருக்குச் சடைதான் ஞாபகம் வந்தது. முழத்துக்கு ஒரு பின்னலாக, லேசாக, ஒரே அளவாக இருநூறு அடியையும் பின்னி முடித்தார். வயல் ஈரம் படாமல் இருக்கக் குடைத்துணி வாங்கி வந்தார். இருசம்மாள் அதை நீளக் குழாயாகத் தைத்து, பாம்புக்குச் சட்டை மாட்டுவதுபோல் மாட்டிவிட்டாள்.

“பட்டணத்துப் பொண்ணுக்குக்கூட இப்படி ஒரு சடை கிடையாது. அதைப் போயி மூடி வெக்கிறீங்களே” என்றாள்.

“மூடினாத்தான்டி மதிப்பு” என்றார் நல்லதம்பி.

புரட்டாசியில் ஒரு காலைப்பொழுது, பெரியண்ணன் வயலில் எல்லாரும் கூடினார்கள். அந்தப் பட்டத்துக்கு அதுதான் கடைசி வயல். மத்தியானம் பெண்கள் வேறு ஊருக்குக் களை எடுக்கப் போகிறார்கள். பெரியண்ணன், சத்தம் வேண்டாம் என்று மில்லை நிறுத்திக்கொடுத்தார். நெல் மூட்டையோடு வந்த வண்டிகள் வாசலில் வரிசையாய் நிற்க, வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மைக் வரப்போரம் நின்றது. கறுப்புக் கேபிள் வரப்பு நெடுக வழவழவென்று மில் வரைக்கும் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் “அடேயப்பா” என்றார்கள். நல்லதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீசையைத் தடவினார்.

வேலம்மாள் சேற்றில் இறங்கி, நாற்றைக் கையில் வாங்கிப் பாட்டை எடுத்தாள். பன்னிரண்டு பெண்கள் பின்பாட்டு. அரை நிமிஷம் ஆகியிருக்காது, மில் ஜன்னலில் ரெங்கராஜின் துண்டு ஆடியது. நிறுத்து என்று அர்த்தம்.

நல்லதம்பி ஓடினார். ரெங்கராஜ் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி அவர் காதில் வைத்தார். உள்ளே அக்காவின் குரல் இருந்தது. அதற்கு மேலே, ஒரு பெரிய வண்டு அடங்காமல் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

“வயல்ல வண்டு இருக்கும் சார்.”

“எந்த வண்டு மூச்சு விடாம ஒரே சுதியில கத்துது?”

மில் மோட்டாரின் சுவிட்சு சரியாக அணைந்திருக்கிறதா என்று பெரியண்ணனே போய்ப் பார்த்தார். மோட்டார் அசையவில்லை. விளக்குகளை அணைத்தார்கள். மைக்கை இடம் மாற்றினார்கள். ரெங்கராஜ் ரிக்கார்டரைத் திறந்து மூடினார். வண்டு போகவில்லை.

இதற்குள் வயல் சுருங்கிக்கொண்டே வந்தது. பெண்கள் பின்னால் நகர நகர, பழுப்புத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் பச்சையாகிக்கொண்டிருந்தது.

“அக்கா, கொஞ்சம் நில்லுங்கக்கா!” என்று நல்லதம்பி வரப்புக்கு ஓடிப்போய்க் கத்தினார்.

“நாத்து காயுதுடா தம்பி. கூலிக்கு வந்தவ கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?”

“அப்போ நட்டு முடிச்சிட்டு வந்து வரப்புல உக்காந்து பாடுங்க!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். “கையில நாத்து இல்லாம நடவுப் பாட்டு எப்படிடா வரும்? தாலாட்டு வேணா பாடறேன். வந்து மடியில படுத்துக்கறியா?” என்றாள் வேலம்மாள்.

நல்லதம்பி மில்லுக்குத் திரும்பினார். ரெங்கராஜ் மிஷினின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“பரவாயில்லை நல்லதம்பி. அடுத்த பட்டத்துக்கு பம்பாய் கேபிளோட வந்து பார்க்கலாம்.”

அது நல்லதம்பிக்குச் சுருக்கென்றது. “என் கேபிள்ல என்ன சார் குத்தம்? வெளிய பாத்தா உங்களுக்குத் தெரியாது. உள்ளே எப்படி வேலை பண்ணியிருக்கேன் தெரியுமா? கரண்டு வயர், எர்த்து, மைக் வயர் மூணையும் சேத்து, முழத்துக்கு ஒண்ணா, சடை பின்னி...”

ரெங்கராஜின் கை அப்படியே நின்றது. “என்ன பின்னி?”

“சடை சார். இருநூறு அடியும்.”

ரெங்கராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். “ஐயா, கரண்ட் வயர் பக்கத்துல மைக் வயர் போனாலே அதோட இரைச்சல் இதுல ஏறும். ஒரு முழம் ரெண்டு முழம்னா தெரியாது. நீங்க இருநூறு அடிக்கு ரெண்டையும் கட்டிப்பிடிக்க வெச்சிருக்கீங்களே!”

கல்யாண வீட்டு மைக்கில் உஸ் என்று சத்தம் வந்தால் யார் காதில் விழப்போகிறது? பத்தடிக் கேபிளில் இந்தச் சங்கதி தலைகாட்டியதும் இல்லை. நல்லதம்பிக்குப் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் முகம் செத்துப்போனது. ஜன்னல் வழியே பார்த்தார். வயலில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பழுப்பு மிச்சம்.

மிஷின் மூடியைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு, கேபிளைக் கரண்டிலிருந்து கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, இருசம்மாள் தைத்த குடைத்துணியை நுனியிலிருந்து சர்ரென்று கிழித்தார். துணிக்குள்ளிருந்து சடை நெளிந்து வெளியே வந்தது.

“அக்கா! கஞ்சியை இப்பவே குடிச்சிடுங்கக்கா. கொஞ்ச நேரம்தான். உங்க காலைப் புடிக்கிறேன்.”

வேலம்மாள் கரையேறி வந்து பார்த்தாள். பின்னாலேயே மற்றவர்களும். சடையைப் பார்த்ததும் ஒருத்தி, “யாருக்குடி இது, இவ்வளவு நீளக் கூந்தல்?” என்றாள். “பொண்டாட்டிக்கு மாலை போடறதுக்கு முந்தியே இவன் இந்தச் சடைக்காரியைத்தான் கட்டிக்கிட்டிருப்பான்” என்றாள் இன்னொருத்தி. கஞ்சியை மறந்து சிரித்தார்கள்.

நல்லதம்பி சடையின் நுனியைப் பிடித்துப் பிரித்தார். பத்தடி பிரிவதற்குள் பிரிந்த மூன்று வயர்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, முன்னைவிட மோசமாயின. வியர்த்துக் கொட்டியது. கத்தியை மறுபடி எடுத்தார்.

“கத்தியை உள்ளே வைடா” என்றாள் வேலம்மாள். “சின்ன வயசுல பின்னல் கோலாட்டம் ஆடினதை மறந்துட்டியா? ஆடும்போது கயிறு பின்னிக்கும். அப்புறம் அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினா பிரிஞ்சுக்கும். வாங்கடி ரெண்டு பேரு.”

மில்லின் நெல் காயப்போடும் களத்துக்குச் சடையைத் தூக்கிப்போனார்கள். ஒரு நுனியைக் கம்பத்தில் கட்டினார்கள். மறு நுனியில் ஆளுக்கொரு வயராக வேலம்மாளும் இரண்டு பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். பிரிகிற வயரை அவரவர் தோளில் சுற்றிக்கொண்டே, ஒருத்தி முன்னால் வர, மற்றவள் அடியில் புகுந்து போக, திருப்பி ஆடினார்கள். மற்றப் பெண்கள் சுற்றி நின்று கை தட்டினார்கள். வண்டிக்காரர் ஒருவர் சாட்டைக் கம்பையும் மாட்டுக் கம்பையும் தட்டித் தாளம் போட்டார். பெரியண்ணன் முதலில் வானத்தில் வெயிலைப் பார்த்து முகம் சுளித்தார். பாதிச் சடை பிரிந்தபோது அவரும் தட்டிக்கொண்டிருந்தார். “என் களத்துல நெல்லுதான் காஞ்சிருக்கு. கோலாட்டம் இன்னைக்குத்தான்” என்றார்.

கம்பத்தண்டை கடைசிப் பின்னல் கழன்றதும் பெண்கள் குலவை போட்டார்கள்.

நல்லதம்பி பறந்தார். மின்சார வயரையும் எர்த் வயரையும் எதிர்க்கரையில், மில்லில் கிடந்த சவுக்குக் கட்டைகளை ஊன்றி, தண்ணீர் தொடாத உயரத்தில் கட்டிக்கொண்டு போனார். மைக் வயர் இந்தக் கரையில், தனியாக. பெட்டியின் அருகே இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி ரெங்கராஜே வந்து வைத்துவிட்டு மில்லுக்கு ஓடினார். ஜன்னலில் அவர் துண்டு தெரிந்தது. ஆடவில்லை. தலைக்கு மேலே உயர்ந்து அப்படியே நின்றது. பாடலாம்.

வேலம்மாள் கடைசித் துண்டு வயலில் இறங்கினாள். நாற்று முடியை அவிழ்த்தாள். முதலில் வழக்கமான பாட்டு. பிறகு, நடவு வயலில் வரப்போரம் எவன் நின்றாலும் அவனை வைத்து இரண்டு அடி கட்டாமல் விடுவது கிடையாது என்பதால், தம்பியைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்:

கம்பிக்குச் சடை பின்னிக்
கறுப்புத் துணி மூடி வச்சான்
என் தம்பி கைவேலை
ஏழு ஊரும் சிரிக்குதடி!

பின்பாட்டுக்காரிகள் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பாடினார்கள். நல்லதம்பிக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் மைக் நாலு அடி தள்ளி நிற்கிறது. ஒரு இருமலுக்குக்கூட வழியில்லை. கையை மட்டும் ஆட்டிக் கெஞ்சினார். அவள் அதைப் பார்த்து இன்னொரு அடி கட்டினாள். இந்தத் தடவை அவர் மீசையைப் பற்றி. வண்டிக்காரர்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

கடைசி நாற்று ஊன்றியதும் பாட்டு நின்றது. மில்லிலிருந்து ரெங்கராஜ் ஓடி வந்தார், வரப்பில் வழுக்கி, எழுந்து, மறுபடி ஓடி. “சுத்தம்! வண்டு இல்லை, ஒண்ணும் இல்லை. நாத்து ஊனற சளக் சளக்குகூட விழுந்திருக்கு!”

எல்லாரையும் மில்லுக்குக் கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினார். சேற்றுக் காலோடு நின்ற வேலம்மாளின் காதில் கருவியை மாட்டினார்கள். அவள் கண் அகலமானது. தன் குரலைத் தானே கேட்கிறவள், ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: “யாருடி இவ, இவ்வளவு கட்டைத் தொண்டை! இவளையா தம்பி பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சே?”

“உங்களைத்தான்க்கா” என்றார் நல்லதம்பி. அவளுக்கு அது காதில் விழவில்லை. தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தாள்.

நல்லதம்பி ரெங்கராஜ் பக்கம் நகர்ந்தார். “சார், அந்தச் சடை அடி, மீசை அடி ரெண்டை மட்டும் வெட்டிட முடியுமா?”

“அதை வெட்டினா கம்பெனிக்காரன் என்னை வெட்டுவான். இருக்கிறதுலேயே உசிரான இடம் அதுதான்” என்றார் ரெங்கராஜ். பிறகு சட்டைப் பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அடுத்த மாசம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கூத்து. முந்நூறு அடி வேணும். கரண்ட் வயர் ஒரு சுருள், மைக் வயர் ஒரு சுருள். எத்தனை நாள்ல தருவீங்க?”

நல்லதம்பி பதில் சொல்வதற்கு முன் பெரியண்ணன் மில்லைப் போட்டுவிட்டார். தடதடவென்று எழுந்த சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ரெங்கராஜுக்கு மட்டும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ரெங்கராஜ் சரி என்று தலையாட்டினார்.